பட்டாம்பூச்சி வாக்குச்சீட்டும் 537 வாக்குகளும்

போன எபிசோடு வந்த பிறகு ஒருத்தர் மெயில்ல கேட்டிருந்தார்: "நீங்க கோட் எழுதுற ஆளு, அமெரிக்க எலெக்‌ஷனைப் பத்தி எல்லாம் உங்களுக்கு எதுக்கு?" நியாயமான கேள்விதான். பதில் சொல்லணும்னா என்னோட ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கணும்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கிளையன்ட்டுக்கு ஒரு ஃபார்ம் எழுதிக் கொடுத்தேன். பேர் வேண்டாம். அதுல ஒரு வரியில மூணு ஆப்ஷன். ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் பக்கத்துல ஒரு வட்டம். என் பெரிய மானிட்டர்ல பார்க்க அழகா இருந்துச்சு. ஃபோன்ல பார்த்தா, வட்டம் இடது பக்கம் இருக்குற வார்த்தைக்குச் சொந்தமா, வலது பக்கம் இருக்குறதுக்கானு தெரியாது. "தப்பான ஆப்ஷன் பதிவாகுது"னு புகார் வந்துச்சு. நான் டேட்டாபேஸைப் பார்த்தேன். அவங்க எதைத் தொட்டாங்களோ அதுதான் பதிவாகியிருந்துச்சு. "யூசர் எரர்"னு எழுதி டிக்கெட்டை மூடிட்டேன். அதே வாரம் டீம்ல இன்னொருத்தர் தன் அம்மாகிட்ட ஃபோனைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். அவங்களும் அதே தப்பைத்தான் செஞ்சாங்க. அவங்க முப்பது வருஷம் கணக்கு டீச்சரா வேலை பார்த்தவங்க.

அந்த வெட்கத்துல இணையத்துல தேடிப் படிக்க ஆரம்பிச்சதுதான் இன்னிக்குக் கதை. 2000ஆம் வருஷம், நவம்பர் 7, ஃபுளோரிடா. ஜார்ஜ் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் நடந்த ஜனாதிபதி தேர்தல். நம்மள்ல நிறைய பேர் அப்போ பேசவே ஆரம்பிக்கல.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். நம்ம ஊர்ல ஒரு தேர்தல்னா ஒரு ஓட்டு. ஒரு பட்டன், ஒரு பீப் சத்தம், முடிஞ்சுது. அமெரிக்காவுல ஒருத்தர் உள்ளே போனா ஜனாதிபதி, செனட்டர், நீதிபதிகள், உள்ளூர் பதவிகள், அரசியல் சட்டத் திருத்தம் வரைக்கும் ஒரே மூச்சுல வாக்களிக்கணும். அதைவிட முக்கியம், வாக்குச்சீட்டை டிசைன் பண்றது டெல்லி மாதிரி ஒரு தலைமை ஆபீஸ் கிடையாது. ஒவ்வொரு கவுன்டியும் தனித்தனியா பண்ணும். கவுன்டின்னா கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் மாதிரி. ஃபுளோரிடாவுல 67 கவுன்டி. அப்போ ஒரே மாநிலத்துக்குள்ளயே பலவிதமான இன்டர்ஃபேஸ்.

பாம் பீச் கவுன்டியில தேர்தல் அதிகாரி தெரசா லெபோர். அவங்க ஜனநாயகக் கட்சிக்காரங்க, அதாவது கோரோட கட்சி. இதை மனசுல வச்சுக்கங்க, ஏன்னா இது சதி இல்லைன்னு புரிய இது ஒண்ணே போதும். அந்த வருஷம் ஃபுளோரிடாவுல ஜனாதிபதி பதவிக்குப் பத்து வேட்பாளர். சின்னக் கட்சிகளும் சீட்டுல இடம்பிடிக்க வழி விட்ட 1998ஆம் வருஷத்து ஒரு சட்டத் திருத்தம்தான் காரணம். பத்துப் பேரையும் ஒரே பக்கத்துல போட்டா எழுத்து பொடிசாயிடும். பாம் பீச் முழுக்க ரிட்டயர் ஆனவங்க குடியிருக்குற இடம். வயசானவங்க படிக்கக் கஷ்டப்படுவாங்களேன்னு லெபோர் எழுத்தைப் பெருசாக்குனாங்க. பெருசாக்குனதும் ஒரு பக்கம் பத்தல. சரி, எதிரெதிர்ப் பக்கங்கள்ல பேரைப் போட்டு நடுவுல துளை வச்சிடலாம்னு முடிவு. விரிச்சா பட்டாம்பூச்சி றெக்கை மாதிரி இருந்ததால அதுக்கு அந்தப் பேர்.

இப்போ கண்ணை மூடி யோசிச்சுப் பாருங்க. இடது பக்கம் முதல் பேர் புஷ், ரெண்டாவது பேர் கோர். வலது பக்கம் முதல் பேர் பாட் புக்கானன். நடுவுல ஒரே வரிசையா துளைகள். முதல் துளை புஷ்ஷுக்கு. ரெண்டாவது துளை புக்கானனுக்கு. மூணாவதுதான் கோருக்கு. இடது பக்கத்தை மட்டும் பார்க்கிற ஒருத்தர் என்ன நினைப்பார்? "கோர் ரெண்டாவது. அப்போ ரெண்டாவது துளை." குத்துறார். ஓட்டு புக்கானனுக்குப் போகுது.

அம்புக்குறி இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா நீங்க ஒரு கதவைத் திறக்கும்போது மேல எழுதியிருக்குற "தள்ளு", "இழு" இதெல்லாம் படிச்சிட்டா திறக்குறீங்க?

பாட் புக்கானன் யாருன்னும் சொல்லிடறேன். ரீஃபார்ம் கட்சி வேட்பாளர், தீவிர வலதுசாரி. யூதர்களைப் பத்தி அவர் பேசுனது, எழுதுனது எல்லாம் வருஷக்கணக்கா சர்ச்சை. பாம் பீச்ல யூத முதியவர்கள் நிறைய. போதாததுக்கு கோரோட துணை ஜனாதிபதி வேட்பாளர் ஜோ லீபர்மன், ஒரு பெரிய கட்சி அந்தப் பதவிக்கு நிறுத்துன முதல் யூதர். அப்படிப்பட்ட கவுன்டியில புக்கானனுக்கு 3,400 வாக்குக்கு மேல விழுந்துச்சு. மாநிலத்துல வேற எந்தக் கவுன்டியிலயும் அவருக்கு அவ்வளவு கிடையாது. நாஜி முகாம்ல இருந்து உயிர் தப்பி வந்தவங்க சிலர், தாங்க யாருக்கு ஓட்டுப் போட்டுட்டோம்னு வெளியே வந்த பிறகு உணர்ந்து அழுதாங்க. புக்கானனே டிவியில வந்து, இதுல பெரும்பாலானது எனக்கு விழுந்த ஓட்டா இருக்காதுன்னு ஒத்துக்கிட்டார்.

அது மட்டும் இல்ல. தப்பைக் கவனிச்சவங்க நிறைய பேர் "சரி, கோருக்கும் குத்திடுவோம்"னு ரெண்டாவது துளையும் போட்டாங்க. ரெண்டு பேருக்குக் குத்துனா செல்லாது. ஒரே கவுன்டியில சுமார் 19,000 சீட்டு இப்படிச் செல்லாம போச்சு. கடைசியில மொத்த மாநிலத்துலயும் புஷ் ஜெயிச்சதா அறிவிச்ச வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 537. கிட்டத்தட்ட 60 லட்சம் வாக்குல 537. அந்த மாநிலத்தோட 25 எலெக்டர் ஓட்டு யாருக்கோ அவர்தான் ஜனாதிபதி.

"இதெல்லாம் ஊகம்தானே, அவங்க நிஜமாவே புக்கானனுக்குப் போட்டிருக்கலாமே"ன்னு கேட்கலாம். நம்ம ஃபீல்டுல ஏ/பி டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு இல்ல? பாதிப் பேருக்கு ஒரு டிசைன், மீதிப் பேருக்கு இன்னொரு டிசைன் காட்டி வித்தியாசத்தை அளக்குறது. அங்க அது தானா நடந்திருந்துச்சு. தபால்ல வாக்களிச்சவங்களுக்குப் போன சீட்டுல பட்டாம்பூச்சி வடிவம் இல்ல. அரசியல் விஞ்ஞானிகள் குழு ஒண்ணு 2001ல ரெண்டையும் ஒப்பிட்டாங்க. அதே கவுன்டி, ஆனா நேர்ல வந்து போட்டவங்ககிட்ட புக்கானனோட பங்கு, தபால்ல போட்டவங்களைவிட நாலு மடங்கு. மத்த ஃபுளோரிடா கவுன்டிகள்ல அப்படி ஒரு வித்தியாசமே இல்ல. கோருக்குப் போட நினைச்சு புக்கானனுக்குப் போட்டவங்க மட்டும் 2,000 பேருக்கு மேலன்னு அவங்க முடிவுக்கு வந்தாங்க. 537ஐ ஒரு தடவை மறுபடி நினைச்சுக்கங்க.

இந்தத் துளை போடுற சமாச்சாரம் எங்கிருந்து வந்துச்சு? 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹொலெரித் கண்டுபிடிச்ச பஞ்ச் கார்டு, பிற்பாடு ஐ.பி.எம்மோட சோறு. 1960கள்ல பெர்க்லி பேராசிரியர் ஜோசஃப் ஹாரிஸ், ஐ.பி.எம்மோட ஒரு கையடக்கத் துளைக் கருவியைப் பார்த்து, இதையே ஓட்டுக்குப் பயன்படுத்தலாமேன்னு வோட்டோமேட்டிக் செஞ்சார். 1964ல ஜார்ஜியாவுல முதல் தேர்தல். விலை மலிவு, எண்ணுறதும் வேகம், எல்லாரும் வாங்குனாங்க. அட்டையில ஒவ்வொரு துளைக்கும் முன்னாடியே லேசா வெட்டி வச்சிருப்பாங்க. குச்சியால குத்துனா அந்தக் குட்டிச் சதுரம் விழணும். அந்தச் சதுரத்துக்குப் பேர் சாட். சாட்ஜிபிடியோட சாட் இல்ல, இது வேற.

பிரச்சினை என்னன்னா, அது எப்பவும் விழாது. ஒரு மூலையில தொங்கும், ரெண்டு மூலையில ஊசலாடும், சில சமயம் வெறும் குழி மட்டும் விழும். எண்ணுற மெஷின் ஒளியைப் பார்த்துத்தான் எண்ணுது. தொங்குற சதுரம் ஓட்டத்துல மூடிக்கிட்டா அந்த ஓட்டே இல்ல. அதே கட்டை மறுபடி மெஷின்ல விட்டா வேற எண்ணிக்கை வரும். இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்ல. 1988லயே அமெரிக்க அரசோட தர நிர்ணய அமைப்பைச் சேர்ந்த ராய் சால்ட்மன், இப்படி முன்வெட்டு அட்டைகளைத் தேர்தல்ல இருந்தே தூக்கிடணும்னு அறிக்கை எழுதிட்டார். பன்னிரண்டு வருஷம் அந்த அறிக்கை அலமாரியில தூங்குச்சு. நம்ம எல்லார் ஆபீஸ்லயும் இப்படி ஒரு டிக்கெட் இருக்கும், "குறைந்த முன்னுரிமை"ன்னு போட்டு.

சரி, இப்போ டிவிக்கு வருவோம். ஏன்னா அந்த ராத்திரியை இவ்வளவு பெரிய கலவரமா மாத்துனது டிவிதான்.

ஏ.பி.சி, சி.பி.எஸ், என்.பி.சி, சி.என்.என், ஃபாக்ஸ், அப்புறம் ஏ.பி செய்தி நிறுவனம். இந்த ஆறு பேரும் செலவைக் குறைக்க வி.என்.எஸ்னு ஒரே ஒரு பொது டேட்டா நிறுவனத்தை வச்சிருந்தாங்க. போட்டி போடுற சேனல்கள், ஆனா எல்லாருக்கும் ஒரே குழாய்த் தண்ணி. கிழக்கு நேரம் இரவு 8 மணிக்குள்ள, ஃபுளோரிடாவோட மேற்கு ஓரத்துல இன்னும் வாக்குப்பதிவு முடியறதுக்கு முன்னாடியே, "ஃபுளோரிடா கோருக்கு"ன்னு அறிவிச்சாங்க. மேற்கு ஓரம் வேற நேர மண்டலம், அதைக் கூட மறந்துட்டாங்க. பத்து மணி வாக்குல அறிவிப்பை வாபஸ் வாங்குனாங்க. என்.பி.சியில டிம் ரஸ்ஸர்ட் லட்சக்கணக்கான டாலர் கிராஃபிக்ஸை எல்லாம் விட்டுட்டு ஒரு சின்ன வெள்ளைப் பலகையில மார்க்கரால ஃபுளோரிடா, ஃபுளோரிடா, ஃபுளோரிடான்னு மூணு தடவை எழுதிக் காட்டுனார். அந்த ராத்திரியில ஒழுங்கா வேலை செஞ்ச ஒரே தொழில்நுட்பம் அதுதான்னு நான் சொல்லுவேன்.

நள்ளிரவு தாண்டி ரெண்டேகால் மணிக்கு ஃபாக்ஸ் "புஷ் ஜெயிச்சுட்டார்"னு சொல்லுச்சு. அடுத்த நாலு நிமிஷத்துல மத்த சேனல்களும் அதையே சொன்னாங்க. ஃபாக்ஸ்ல அந்த முடிவெடுக்குற மேசைக்குத் தலைவர் ஜான் எல்லிஸ், புஷ்ஷோட சொந்த அத்தை மகன். இதைச் சொன்னா எல்லாரும் அதையே பிடிச்சுக்கிறாங்க. ஆனா என் பார்வையில அதைவிடப் பெரிய விஷயம், மத்த சேனல்கள் நாலே நிமிஷத்துல பின்னாடி ஓடுனதுதான். அவங்க மேசையில எந்த அத்தை மகனும் இல்லையே. ஆறு பேர்ல ஏ.பி மட்டும்தான் "எங்க கணக்கு அப்படிச் சொல்லல"ன்னு அறிவிக்காம உட்கார்ந்திருந்துச்சு.

அந்த நேரத்துல வி.என்.எஸ் கணக்குல இருந்த ஒரு எண் சுத்தமா தப்பு. வோலூசியா கவுன்டியில ஒரு வாக்குச்சாவடியோட மெமரி கார்டு கோளாறாகி, கோருக்கு மைனஸ் 16,022 ஓட்டுன்னு காட்டுச்சு. மைனஸ்! அந்தச் சாவடியில பதிவான வாக்காளர்களே ஆயிரம் பேர் கிடையாது. ஓட்டு எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாதுன்னு ஒரே ஒரு இஃப் கண்டிஷன், யாரும் எழுதல. கவுன்டிக்காரங்க அதைக் கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டாங்க. ஆனா அதுக்குள்ள வோலூசியாவோட தப்புக் கணக்கு சேனல்களுக்குப் போய், புஷ் 50,000 சொச்சம் முன்னிலைன்னு காட்டியாச்சு.

டிவியைப் பார்த்துட்டு கோர் புஷ்ஷுக்கு ஃபோன் போட்டு தோல்வியை ஒத்துக்கிட்டார். நாஷ்வில்ல மழை. பேசறதுக்கு மேடையை நோக்கிக் கார்கள் போயிட்டிருக்கு. கூட இருந்த உதவியாளர்களோட பேஜர் அடிக்குது: வித்தியாசம் குறையுது, மேடையேற வேண்டாம். கோர் மறுபடி புஷ்ஷுக்கு ஃபோன் போட்டு, சொன்னதை வாபஸ் வாங்குறேன்னார். ஃபுளோரிடா கவர்னரா இருந்த என் தம்பியே நாங்க ஜெயிச்சுட்டோம்னு சொல்றான்னு புஷ் சொல்ல, இதுல கடைசி வார்த்தை உங்க தம்பியோடது இல்லன்னு கோர் பதில் சொன்னார். கார் ஓட்டத்துக்கும் பேஜர் மெசேஜுக்கும் நடுவுல ஒரு அஞ்சு நிமிஷம் முன்னப் பின்ன ஆகியிருந்தா, மேடையில தோல்வியை ஒத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

அதுக்கப்புறம் நடந்த 36 நாள் கோர்ட் சண்டையை நான் வேகமா ஓட்டிடறேன், படம் எல்லாம் வந்திருக்கு. புஷ்ஷோட ஃபுளோரிடா பிரச்சாரத்துக்கு இணைத் தலைவரா இருந்த கேத்தரின் ஹாரிஸே, மாநிலச் செயலாளரா முடிவுக்குச் சான்றிதழ் கொடுத்தார். பூதக்கண்ணாடி வச்சு சாட்டை முறைச்சுப் பார்த்த நீதிபதியோட ஃபோட்டோ உலகம் முழுக்கப் போச்சு. டிசம்பர் 12, உச்ச நீதிமன்றம் அஞ்சுக்கு நாலுன்னு மறுஎண்ணிக்கைக்கு முற்றுப்புள்ளி வச்சுது. மறுநாள் கோர் ஒதுங்கிட்டார். நாடு முழுக்க மொத்த வாக்குல அவர் அஞ்சு லட்சத்துக்கு மேல முன்னாடி இருந்தார்.

எனக்கு இதுல ஆறாத இடம் ஒண்ணு இருக்கு. அந்த நாட்கள்ல லேட் நைட் ஷோக்கள்ல, ரேடியோவுல, கட்டுரைகள்ல எல்லாம் ஓடுன ஜோக் என்ன? "ஃபுளோரிடா கிழவன் கிழவிங்களுக்கு ஒரு அம்புக்குறியைப் பின்பற்றத் தெரியல." யூசர் எரர். நான் மூடுன டிக்கெட் மாதிரியேதான். ஒரு துளையைச் சரியாப் போடத் தெரியாதவங்களுக்கு ஓட்டே எதுக்குன்னு சீரியஸாவே கேட்டவங்க உண்டு.

அந்த ஜோக்குல பாம் பீச்சாவது இருந்துச்சு. டுவால் கவுன்டி, ஜாக்சன்வில் நகரம், அதைப் பத்தி அவ்வளவு பேச்சே இல்ல. அங்க ஜனாதிபதி வேட்பாளர்கள் பேரு அடுத்தடுத்த ரெண்டு பக்கத்துல இருந்துச்சு. மக்களுக்கு முன்கூட்டிக் காட்டுன மாதிரிச் சீட்டுல "எல்லாப் பக்கத்துலயும் வாக்களிக்கவும்"ங்கிற மாதிரி அறிவுரை. சொன்னபடி செஞ்சவங்க, அதாவது அறிவுரையை ஒழுங்காப் படிச்சவங்க, ரெண்டு பக்கத்துலயும் குத்துனாங்க. 20,000 சீட்டுக்கு மேல செல்லாம போச்சு. நிறைய கறுப்பினத்தவர் வாழுற பகுதிகள்ல. முதல் தடவையா ஓட்டுப் போட வந்தவங்க அதுல பலர். அமெரிக்க சிவில் உரிமை ஆணையம் 2001ல கொடுத்த அறிக்கைப்படி, ஃபுளோரிடாவுல ஒரு கறுப்பின வாக்காளரோட சீட்டு தள்ளுபடி ஆகுற வாய்ப்பு மத்தவங்களைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. பழைய மெஷின் எந்தப் பகுதிக்குப் போகுது, புதுசு எந்தப் பகுதிக்குப் போகுதுங்கிற கேள்விக்கு "யூசர் எரர்"ங்கிற வார்த்தையில பதில் கிடையாது.

பின்னாடி பத்திரிகைகள் சேர்ந்து பணம் போட்டு, தள்ளுபடியான சுமார் 1,75,000 சீட்டையும் எடுத்து ஆராய்ச்சியாளர்களை வச்சுப் பார்க்க வச்சாங்க. கோர் தரப்பு கேட்ட சில கவுன்டி மறுஎண்ணிக்கை மட்டும் நடந்திருந்தா, புஷ்தான் ஜெயிச்சிருப்பார். மாநிலம் முழுக்க எல்லாச் செல்லாத சீட்டையும் பார்த்திருந்தா, மிகச் சின்ன வித்தியாசத்துல கோர் வந்திருக்கலாம். ரெண்டு கட்சிக்காரங்களும் தங்களுக்குப் பிடிச்ச வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. 2001 நவம்பர்ல அது வெளியாகும்போது இரட்டைக் கோபுரம் விழுந்து ரெண்டு மாசம். படிக்க யாருக்கும் மனசில்ல.

தெரசா லெபோர் மேல எனக்குக் கோபம் வரல. எழுத்தைப் பெருசாக்குனது நல்ல எண்ணம்தான். மாதிரிச் சீட்டு முன்னாடியே வெளியாச்சு. ரெண்டு கட்சியும் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. நான் கேட்கிறது ஒண்ணுதான்: நாலு பாட்டிங்களைக் கூப்பிட்டு, ஒரு மெஷின் முன்னாடி நிக்க வச்சு, கோருக்குக் குத்துங்கன்னு ஒரு அரை மணி நேரம் பார்த்திருக்கலாம். மேசையில காகிதமாப் பார்க்கிறது வேற. நின்னுக்கிட்டு, பின்னாடி வரிசை காத்திருக்க, குனிஞ்சு குத்துறது வேற. நானும் அந்த அரை மணி நேரத்தைத்தான் செலவு பண்ணல.

அமெரிக்கா இதுக்கு எடுத்த தீர்வு ரொம்ப நம்ம ஃபீல்டு பாணி. 2002ல ஒரு சட்டம் போட்டு, சுமார் 390 கோடி டாலர் ஒதுக்கி, பழைய மெஷின்களைத் தூக்குங்கன்னாங்க. நிறைய கவுன்டிகள் டச் ஸ்க்ரீன் வாங்குச்சு. 2006ல அதே ஃபுளோரிடா, சாரசோட்டா கவுன்டி. பிரதிநிதிகள் சபைத் தேர்தல்ல சுமார் 18,000 பேர் அந்தப் பதவிக்கு மட்டும் யாருக்கும் ஓட்டுப் போடாததா மெஷின் காட்டுச்சு. ஜெயிச்ச வித்தியாசம் 369. அந்தப் போட்டி, ஸ்க்ரீன்ல பெரிய கவர்னர் தேர்தல் பட்டியலுக்கு மேல சின்னதா ஒட்டிக்கிட்டிருந்துச்சு, கண்ணுல படாமலே போயிருக்கும்னுதான் பல ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. மறுபடி எண்ணிப் பார்க்கக் காகிதமே கிடையாது. அது யாரோட தொகுதின்னு கேளுங்க: செனட்டுக்குப் போட்டியிடறதுக்காக கேத்தரின் ஹாரிஸ் காலி பண்ண தொகுதி. ஜெயிச்சவர் பேரு? வெர்ன் புக்கானன். பாட் புக்கானனுக்குச் சொந்தம் எல்லாம் இல்ல, சும்மா தற்செயல். இதை எல்லாம் கதையா எழுதுனா எடிட்டர் வெட்டிடுவார்.

அடுத்த வருஷமே ஃபுளோரிடா காகிதத்துக்குத் திரும்புச்சு. வட்டத்தைப் பேனாவால நிரப்புற சீட்டு, ஸ்கேனர் எண்ணும். நல்ல முடிவு. ஆனா காகிதத்துலயும் ஒருத்தர் லேஅவுட் போடத்தானே வேணும்? 2018, ப்ரோவர்ட் கவுன்டி. செனட் போட்டியைச் சீட்டோட இடது ஓரத்துல, நீளமான அறிவுரைப் பத்திக்கு அடியில வச்சுட்டாங்க. கவர்னருக்கு விழுந்ததைவிட சுமார் 25,000 ஓட்டு செனட்டுக்குக் கம்மி. பதவியில இருந்தவர் 10,033 வாக்குல தோத்தார். அவர் பேரு பில் நெல்சன். 2000ல பாம் பீச்ல தெரியாம புக்கானனுக்குக் குத்துனவங்க, அதே சீட்டுல செனட்டுக்குச் சரியாக் குத்தி ஜெயிக்க வச்ச ஜனநாயகக் கட்சிக்காரர் அவரேதான்.

சரி, இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. ஆதார் அப்டேட்டோ, ரயில் டிக்கெட்டோ, காலேஜ் அப்ளிகேஷனோ, எந்த ஃபார்ம்ல நீங்க தப்பான இடத்தைத் தொட்டீங்களோ அதை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. உங்க பேரு, நம்பர் எல்லாம் மறைச்சுட்டு அனுப்புங்க, தயவுசெஞ்சு. அடுத்த எபிசோடுல நாலஞ்சு எடுத்துப் பேசுவோம். என்னோட அந்த மூணு வட்டத்தையும் போடறேன், சிரிச்சுக்கலாம்.